தம்பியின் தவணைக் காசு

என் தம்பி குணம் செத்தபோது அவனுடைய ஆயுள் காப்புறுதிப் பணத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவனுடைய மனைவி பிலோமினாவிடம், "அவன் தவணை கட்டாமல் விட்டிட்டான், பொலிசி காலாவதியாப் போச்சு" என்று சொன்னேன். அது பொய். இதை எழுதிய பிறகுதான் என் ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுத எனக்கு உரிமை வருகிறது. எழுதச் சொன்னவர்கள் வெள்ளவத்தையில் என்னைத் தெரிந்த சிலர். பைபாஸ் என்றால் என்ன செய்வார்கள், எவ்வளவு காசு முடியும், காப்புறுதி எதுவரை கைகொடுக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். எல்லாம் சொல்கிறேன். ஆனால் முதலாவது கதை இல்லாமல் இரண்டாவதைச் சொல்ல முடியாது.

கொழும்புக் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், இறந்தவர்களின் காசைக் கொடுக்கும் பிரிவில் நான் வேலை பார்த்தேன். குணம் என்னைவிடப் பத்து வயது இளையவன். அவனுக்கு முதல் வேலை கிடைத்தபோது நானே பிடித்திருத்தி ஒரு ஆயுள் பொலிசி எடுத்துக் கொடுத்தேன். அவன் இறந்தால் காசு யாருக்கு என்ற இடத்தில் என் பெயரைப் போட்டோம். அம்மா அப்பா இல்லை, அவன் கலியாணம் கட்டவில்லை, வேறு யாரைப் போடுவது? பிறகு கொட்டாஞ்சேனையில் பிலோமினாவைக் கண்டு, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி, கோயிலில் கைப்பிடித்தான். எங்கள் குடும்பத்தில் யாரும் போகவில்லை. அவள் வேதக்காரி, அவள் பேசும் தமிழ் எங்கள் தமிழ் இல்லை, அவளுடைய தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். எங்களுக்கு இவ்வளவு காரணம் போதுமாயிருந்தது.

கலியாணம் முடிந்து சில மாதத்தில் குணம் என்னிடம் வந்தான்.

"அண்ணை, பொலிசியில பிலோவின்ட பேரை மாத்த வேணும்."

"கட்டின கையோட சாவுக் காசுக்கு அவளின்ட பேரை எழுதப்போறியோ? தாலி ஏறின கழுத்தடா. ஒரு வருசம் போகட்டும்."

எங்கள் ஆட்களில் இது வழக்கம்தான். புதுப் பெண்சாதியின் பெயரை அந்தப் பத்திரத்தில் எழுதினால் அவளை விதவையாகவே எழுதிவிட்டதுபோல ஒரு பயம். அதனால் எத்தனையோ பொலிசிகளில் செத்துப்போன தாயின் பெயரும், கனடாவுக்குப் போய்விட்ட தமக்கையின் பெயரும் கிடக்கும். இந்தப் பழக்கத்தால் நடுத்தெருவுக்கு வந்த பெண்களை நான் தினமும் மேசைக்கு முன்னால் கண்டவன். கண்டும் தம்பிக்கு அதையே சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: "தவணைக் காசை என்ட கையில தா, நான் கட்டிவிடுறன். வீட்டில இந்தக் கதையே எடுக்காத." அவன் எடுக்கவில்லை. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு குறைவதைப் பற்றி அவள் கேட்டால், "ஒரு செலவு இருக்கு" என்று மட்டும் சொல்வானாம். மகள் பிறந்த பிறகு இன்னொரு முறை கேட்டான். அப்போதும் பார்ப்போம் என்றேன்.

கோட்டையில் குண்டு வெடித்த ஒரு காலையில் அவன் கந்தோர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அந்த மாதங்களில் என் மகன் ரமணனுக்குப் பதினேழு வயது. இராணுவச் சுற்றிவளைப்பில் ஒரு முறை பிடித்துக்கொண்டு போய், இரண்டு நாள் வைத்திருந்து, காது வீங்க அனுப்பினார்கள். அவனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் கேட்ட தொகையும் தம்பியின் பொலிசித் தொகையும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தன. காசு என் பெயருக்குத்தான் வந்தது. பொலிசியில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருடைய கையில்தான் கம்பனி கொடுக்கும். மனைவி யார், பிள்ளை யார் என்று அது கேட்காது. சட்டத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரமணன் பத்திரமாக வெளிநாட்டுக்குப் போனான். பிலோமினா ஒரு முறைதான் கேட்டாள். நான் மேலே எழுதிய பதிலைச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரி அண்ணே" என்றாள். பிறகு ஜம்பெட்டா வீதியில் ஒரு அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

என் மனைவி புவனத்துக்குத் தெரியும். நாங்கள் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

நோய் வந்தது நான் ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் கழித்து. சண்டை திரும்பவும் தொடங்கி, வெள்ளவத்தையின் பெரிய தெருவான காலி வீதியில் சந்திக்குச் சந்தி இராணுவம் மறித்துச் சோதிக்கிற காலம். சந்தையிலிருந்து வரும்போது நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவதுபோல இருந்தது. இடது தாடை உளைந்தது. பல்வலி என்று நினைத்தேன். தாடை வலியும் நெஞ்சு வலிதான், இதை வாசிப்பவர்கள் மறக்க வேண்டாம். மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றவனைக் காவலில் நின்ற பொடியன் குடிவெறிகாரன் என்று நினைத்து அடையாள அட்டையைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தபோது என் சட்டை வேர்வையில் தோய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவனே முச்சக்கரவண்டியை மறித்து ஏற்றிவிட்டான்.

கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத் துடிப்பைக் கடதாசியில் கோடாக எழுதும் சோதனை அது, நோகாது. அடுத்தது அஞ்சியோகிராம். தொடை மடிப்பில் குத்தி, மெல்லிய குழாயை இரத்தக் குழாய் வழியே இதயம்வரை அனுப்பி, சாயம் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். சாயம் பாயும்போது உடம்பெல்லாம் சூடாகும். படுத்தபடியே மூத்திரம் போய்விட்டதோ என்று வெட்கம் வரும். போயிருக்காது.

அந்தச் சோதனைக்குக் வாங்கில் காத்திருந்தபோதும் ஆட்கள் என்னை விடவில்லை. வெள்ளவத்தையில் எனக்கு இன்சூரன்ஸ் ஐயா என்றுதான் பெயர்.

"ஐயா, கலவரத்தில பொலிசிப் புத்தகம் எரிஞ்சு போச்சு. இனிக் காசு வருமோ?" என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்.

"வரும் அம்மா. கம்பனியிட்ட அவையின்ட பிரதி இருக்கும். பழைய ரசீது ஒண்டு இருந்தாலும் காணும். அதுவும் இல்லாட்டி சமாதான நீதவானுக்கு முன்னால சத்தியக் கடதாசி முடிச்சுக் குடுங்கோ."

"என்ட மனுசன் தாயின்ட பேரைப் போட்டிருக்கிறார். மாமி சாவகச்சேரியில. சண்டையால பாதை பூட்டு."

"இவர் உயிரோட இருக்கிறாரோ?"

"உள்ளுக்குத்தான் படம் எடுக்கினம்."

"அப்ப வெளியில வந்த உடனே பேரை மாத்தச் சொல்லுங்கோ. நாளைக்கு எண்டு விடாதேங்கோ."

அந்த அம்மா என் கையைப் பிடித்து, "நீங்கள் நல்லாயிருக்க வேணும்" என்றார். எனக்குத் தாடை திரும்பவும் உளைந்தது.

மூன்று குழாய்களில் அடைப்பு. டொக்டர் சிங்களவர், அமைதியான மனிதர். பைபாஸ் செய்ய வேணும், தள்ளிப்போட முடியாது என்றார். பைபாஸ் என்பது இவ்வளவுதான்: காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து, அடைத்த இடத்தைச் சுற்றி வேறு பாதை போடுவார்கள். காலி வீதியை மறித்தால் வாகனங்களைக் கடற்கரை வீதியால் விடுகிறார்களே, அதேபோல. அதற்காக மார்பெலும்பை நடுவால் அறுத்துத் திறந்து, வேலை முடிய உருக்குக் கம்பியால் கட்டிவிடுவார்கள்.

இனிக் காப்புறுதிக்கு வருகிறேன். தனியார் ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டினால் மட்டும் போதாது. இவருடைய செலவை நாங்கள் பொறுப்பேற்கிறோம் என்று கம்பனி எழுத்தில் அனுப்ப வேண்டும். அதற்கு உத்தரவாதக் கடிதம் என்று பெயர். அது வரும்வரை ஆஸ்பத்திரிக்கு நீங்கள் முற்பணம் கட்டாத ஆள்தான், ஒபரேஷன் நடக்காது. எனக்கு என் பழைய கம்பனியின் ஓய்வுபெற்றவர்களுக்கான மருத்துவப் பொலிசி இருந்தது. கடிதம் வரவில்லை. தொலைபேசி எடுத்தேன். பேசியவர் என் கீழே வேலை பழகியவர்.

"சேர், உங்களுக்குச் சுகர் எத்தின வருசமா?"

"கன காலம்."

"புதுப்பிக்கேக்க நீங்கள் அதை எழுதேல்லையே."

"மறந்திட்டன்."

அந்தப் பக்கம் கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "மறந்திட்டன் எண்டு சொல்லுறவைக்கு என்ன பதில் சொல்ல வேணும் எண்டு சேர்தானே எங்களுக்குப் படிப்பிச்சது."

ஏற்கெனவே இருந்த நோயை மறைத்தால் அதனால் வரும் செலவை அவர்கள் ஏற்கத் தேவையில்லை. நான் மறக்கவில்லை. எழுதினால் தவணை கூடும் என்று விட்டேன். இதே காரணத்துக்காக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே, உங்களுக்கு இருக்கிற நோயை எழுதுங்கள். கூடக் கட்டினாலும் பரவாயில்லை.

புவனம் காப்புகளை அடகு வைத்தாள். ரமணன் அனுப்புவதாகச் சொன்ன காசு வந்துசேர நாளெடுத்தது. அந்த நாட்களில்தான் பிலோமினா வந்தாள். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாளாம். இறைச்சி எலும்பு போடாமல், எனக்காக மரக்கறி சூப் வைத்து, சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும்.

"இன்னைக்கு சூடு இல்ல அண்ணே, மன்னிச்சுக்கோங்க. மூணு இடத்துல மூடியத் திறக்கச் சொன்னானுங்க. 'மொனவத மே', என்னா இதுன்னு கேட்டான். 'சூப் மாத்தயா, லெடாட்ட'ன்னேன். நோயாளிக்குன்னு சொன்னாலும் மோந்து பார்த்துட்டுத்தான் விட்டான்."

"குடிச்சுப் பாக்கேல்லையோ?"

"குடிச்சிருந்தா உப்பு போதலன்னு சொல்லியிருப்பான்."

நான் சிரித்தேன். சிரிக்க நெஞ்சு நொந்தது.

ஒரு நாள் அவள் போன பிறகு புவனம் கட்டிலருகே வந்து நின்றாள். கையில் ஒரு கடதாசி உறை.

"பிலோ தந்தவ. சீட்டுக் காசாம். மகள் நிரோஷியின்ட படிப்புக்கு எண்டு சேர்த்ததாம்."

"வாங்கினீரோ?"

"முற்பணத்துக்கு இன்னும் குறையுது. நான் என்ன செய்ய?"

"புவனம்."

"இஞ்சேருங்கோ, இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. உயிரோட வெளியில வாங்கோ. பிறகு பாப்பம்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்தக் காசையும் சேர்த்துத்தான் என் நெஞ்சைத் திறந்தார்கள்.

ஒபரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் பிலோமினா தனியாக இருந்தபோது, "பிலோ, உம்மட்ட ஒரு விசயம்" என்று தொடங்கினேன். "பேசாதீங்க அண்ணே, மூச்சு வாங்குது. சுகமாகி வந்து சொல்லுங்க" என்றாள். எனக்கு எவ்வளவு ஆறுதலாயிருந்தது என்று எழுத வெட்கமாயிருக்கிறது.

விழித்தபோது தொண்டையில் குழாய். கதைக்க முடியாது. தாகம் என்றால் அப்படி ஒரு தாகத்தை நான் அறிந்ததில்லை. தாதி ஈரப் பஞ்சால் உதட்டை நனைப்பார். அதற்காக அவருடைய காலடிச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டே கிடப்பேன். குழாயை எடுத்த பிறகு இருமச் சொல்வார்கள். நுரையீரலில் சளி தங்கினால் காய்ச்சல் வரும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். எலும்பு பிரிவதுபோல இருக்கும். பிரியாது. கால் வெட்டுத்தான் நெஞ்சைவிட அதிகம் நோகும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மத்தியானம் பிலோமினா சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் ஆபத்தைத் தாண்டிவிட்டேன் என்ற சந்தோஷமோ என்னவோ, வழக்கத்தைவிட அதிகம் பேசினாள்.

"நீங்க உங்க தம்பி மாதிரி இல்ல அண்ணே. உங்க பிள்ளைய எப்படியோ கரைசேர்த்தீங்க. அந்த மனுசன் எங்கள நினைக்கவே இல்லையே."

நான் தலையணையை அணைத்துக்கொண்டு இருமினேன்.

"மாசா மாசம் சம்பளத்துல காசு குறையும். கேட்டா ஒரு செலவுன்னுவாரு. என்ன செலவுன்னு சொல்லவே மாட்டாரு. பொலிசியும் கட்டலன்னு நீங்க சொன்னப்புறம்தான் எனக்கு விளங்குச்சு. வேற எங்கயோ குடுத்திருக்காரு. வேற யாரோ இருந்திருக்கா."

"பிலோ, அவன் அப்பிடிப்பட்டவன் இல்லை."

"தம்பிய விட்டுக்குடுக்க மாட்டீங்க, தெரியும்." சூப்பை ஒரு கரண்டி என் வாயில் வைத்தாள். "செத்தவங்க திருநாளுக்கு ஊரே சேமக்காலைக்குப் போகும், கல்லறையில மெழுகுதிரி கொளுத்த. நான் போறதில்ல. நிரோஷியையும் விட்டதில்ல. 'உங்கப்பாவுக்கு கொளுத்த வேற ஆள் இருப்பா'ன்னு ஒரு நாள் அவ முகத்துக்கே சொல்லிட்டேன். அப்ப அவளுக்குப் பத்து வயசு."

அன்றுவரை நான் எடுத்தது காசு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கில்தான் இத்தனை வருடம் உறங்கினேன். ஒழுங்காகக் காசைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, நான் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டிருந்தவனை, அவனுடைய வீட்டிலேயே களவாணியாக்கி வைத்திருக்கிறேன். அவன் பக்கம் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அந்த ஆள் அவளுடைய சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதும் சொல்லவில்லை. உடம்பு தேறவில்லை என்று காரணம் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து நடக்கத் தொடங்கிய பிறகு ரமணனுக்குத் தொலைபேசியில் உள்ளதைச் சொன்னேன். "அப்பா, நான் இஞ்ச வந்தது அந்தக் காசிலயோ?" என்றான். "ஓம்" என்றேன். காசு அனுப்பினான். அதன் பிறகு அவன் என்னோடு கதைப்பது குறைவு. தாயோடுதான் கதைப்பான். ஒபரேஷன் நேரம் எடுக்க முடியாமல் வங்கித் தவணை வைப்பில் கிடந்த என் சேமலாப நிதியின் மிச்சத்தையும் போட்டு, பொலிசித் தொகையையும் அத்தனை வருட வட்டியையும் பிலோமினாவின் சீட்டுக் காசையும் ஒரு பார்சலாகக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அவள் மெஷினில் இருந்தாள். ஒரு பள்ளிக்கூடச் சட்டை பாதி தைத்தபடி.

"ஐயோ அண்ணே, பஸ்ஸிலயா வந்தீங்க? தையல் பிரிஞ்சா?"

"பிலோ, குணத்தின்ட பொலிசி காலாவதியாகேல்லை."

மிதித்த கால் நின்றது.

"காசு வந்தது. என்ட பேரில இருந்தது. நான் எடுத்தன். ரமணனை அனுப்பினது அதிலதான். உமக்குச் சொன்னது பொய்."

நான் அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதானால், கடைசியில் மன்னிப்பாள் என்றும் நினைத்தேன். அவள் காசுப் பார்சலைப் பார்க்கவே இல்லை.

"அப்போ அவர் கட்டினாரா?"

"ஓம்."

"ஒழுங்கா?"

"மாசா மாசம். என்ட கையிலதான் தந்தவன். வீட்டில சொல்ல வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான். உம்மட பேரை மாத்தச் சொல்லி ரெண்டு தரம் கேட்டவன். நான்தான் தள்ளிப்போட்டனான்."

"கடைசி மாசமும் கட்டினாரா?"

"கட்டினவன்."

அவள் எழுந்து திரைக்குப் பின்னால் பார்த்து, "நிரோஷி, இங்க வா" என்றாள். மகள் வந்து நின்றாள். குணத்தின் நெற்றி, குணத்தின் கண். "எனக்குச் சொன்னத இவளுக்கும் சொல்லுங்க."

சொன்னேன். இரண்டாம் முறை குரல் எழும்பவில்லை.

"சத்தமா" என்றாள் பிலோமினா. "நான் இவளுக்கு அவரப் பத்தி சத்தமாத்தான் சொன்னேன்."

சத்தமாகச் சொன்னேன். பக்கத்து அறைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பிறகுதான் பார்சலைப் பிரித்தாள்.

"இதுல என் சீட்டுக் காசும் இருக்கா?"

"ஓம். ஒபரேஷனுக்குத் தந்தது."

அதை எண்ணிப் பிரித்து என் பக்கம் தள்ளினாள். "இது நான் குடுத்தது. குடுத்தத நான் திருப்பி எடுக்கமாட்டேன். மத்தது அவர் எங்களுக்குக் குடுத்தது. அத எடுத்துக்கிறேன்."

"பிலோ, அதையும் வையும். எனக்கு..."

"கொண்டு போங்க. இனி இந்தப் பக்கம் வராதீங்க ஐயா."

அண்ணே என்று சொல்லவில்லை. பாதிச் சட்டையைத் திரும்ப மெஷினுக்குள் வைத்து மிதிக்கத் தொடங்கினாள்.

அந்தக் காசு அலுமாரியில் கிடக்கிறது. புவனம் அதைத் தொடுவதில்லை, என்ன செய்யப் போகிறேன் என்று கேட்பதுமில்லை. எனக்கு மாதா மாதம் மருந்து வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கும் அதை எடுக்க முடியவில்லை. நெஞ்சு நன்றாக வேலை செய்கிறதென்று டொக்டர் சொல்கிறார்.

போன நவம்பரில், செத்தவர்கள் திருநாளன்று, மாதம்பிட்டிய சேமக்காலைக்குப் போனேன். வாசலில் ஒரு மனுசியிடம் மெழுகுதிரி வாங்கினேன். குணத்தைப் புதைத்த இடம் எனக்கு மட்டுமட்டாகத்தான் நினைவு. தேட வேண்டியிருக்கவில்லை. புல் செதுக்கி, வெள்ளை அடித்திருந்தார்கள். விட்டுப்போன வருடங்களுக்கெல்லாம் சேர்த்து வைத்ததுபோல மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. நிரோஷி ஒவ்வொன்றாகக் காற்றுக்கு மறைத்துக்கொண்டிருந்தாள். பிலோமினா கல்லறை ஓரத்தில் குந்தியிருந்து அவனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கிற தூரத்துக்கு நான் போகவில்லை. ஒரு முறை நிமிர்ந்தவள் என்னைக் கண்டாள். கண்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.

திரும்பி வந்து, வாசலில் அந்த மனுசியிடமே மெழுகுதிரியை நீட்டினேன்.

"காசு திருப்பித் தரமாட்டேன் ஐயா" என்றாள்.

வேண்டாம் என்றேன்.